பாலத்தைக் கடப்பது பற்றி ஒரு கேள்வி

சட்டத் தகவல் மையத்தில் யார் வேண்டுமானாலும் போய்க் கேள்வி கேட்கலாம். கட்டணம் கிடையாது. உள்ளே இரண்டு கவுண்டர்கள். இடது பக்கம் மாநிலச் சட்டம், வலது பக்கம் மத்தியச் சட்டம். நடுவில் ஒரு தொட்டிச் செடி. அதற்கு எந்தக் கவுண்டர் தண்ணீர் ஊற்றுவது என்று பல முறை கூட்டம் போட்டும் முடிவு எட்டப்படாததால், இப்போது அது பிளாஸ்டிக் செடி.

சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'இங்கே தகவல் தரப்படும். ஆலோசனை தரப்பட மாட்டாது.'

பூட்டுக்காரர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்தவரைக் கேட்டார்.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"புரிஞ்சா ஆலோசனை. புரியலைன்னா தகவல்" என்றார் அவர். அவர் நாய்க்கடி பற்றிய ஒரு கேள்விக்காக வந்து போய்க்கொண்டிருப்பவர். கடித்த நாய் போன வருடமே செத்துவிட்டது. "கேள்வி மட்டும் நல்லா இருக்கு" என்றார்.

பூட்டுக்காரருக்கு அதுவரை சட்டத்திடம் கேட்க எதுவும் இருந்ததில்லை. அவர் வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம். பெரிய ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். ஆற்றின் இரு கரைகளும் இரு வேறு மாநிலங்கள். நடுவில் ஒரு நீளமான பாலம். அவர் மனைவி நுரையீரல் நோயோடு அந்தப் பக்கம் போய்ப் படுத்து நாளாகிவிட்டது. முந்தின நாள் டாக்டர் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"இனிமே நாங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைங்க. ரொம்ப நாள் இருக்காது. அவங்களுக்குப் பிடிச்ச இடத்துல இருக்கட்டும்."

பிடிச்ச இடம் எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் ஒரு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. தையல் ரூம் ஜன்னல் பக்கத்துல கட்டிலைப் போடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவள் திரைச்சீலை தைப்பவள். ஊரில் பாதி ஜன்னல்களில் அவள் தைத்ததுதான் தொங்கியது. 

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க மாமா, போயிடலாம்" என்றாள் மனைவியின் தங்கை.

"போயிடலாம். வேற மாநிலத்துலேர்ந்து கூட்டிட்டு வரலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"எதுக்குக் கேக்கணும்?"

கேட்பது அவர் தொழில். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர் வீட்டுக்காரரேதானா என்று அக்கம்பக்கத்தில் நான்கு பேரைக் கேட்காமல் அவர் எந்தப் பூட்டிலும் கை வைத்ததில்லை. ஒருமுறை கொட்டும் மழையில் ஒரு அம்மாளை நிற்க வைத்துவிட்டு, எதிர் வீட்டுக் கதவைத் தட்டி விசாரித்தவர். அந்த அம்மாள் அதற்குப் பிறகு அவரைக் கூப்பிட்டதே இல்லை.

"விடுடி" என்றாள் மனைவி படுக்கையிலிருந்து. மூக்கில் குழாய் இருந்ததால் குரல் மெதுவாகத்தான் வந்தது. "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடியே மூணு தடவை, நிஜமாவா நிஜமாவான்னு கேட்டவரு. கேக்கலைன்னா அவருக்குத் தூக்கம் வராது."

அதனால்தான் அவர் வந்திருந்தார்.

மாநிலக் கவுண்டரில் ஒரு மேடம் இருந்தார். பேசுவதற்கான ஓட்டையைக் கண்ணாடியில் சற்றுக் கீழே போட்டிருந்ததால், கேட்பவர்கள் குனிந்தே கேட்க வேண்டும்.

"மேடம், என் மனைவி..."

"நிறுத்துங்க." மேடம் கையைத் தூக்கினார். "'என்' வரக்கூடாது. 'என்' வந்தா அது சொந்த விஷயம். சொந்த விஷயத்துக்குப் பதில் சொன்னா ஆலோசனை ஆயிடும். 'ஒரு நபர்'னு சொல்லுங்க."

"ஒரு நபரோட மனைவி..."

"மனைவின்னா குடும்பச் சட்டம். அது மாடியில. மாடி இன்னும் கட்டலை."

பூட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு நபர் இன்னொரு நபரை ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் கொண்டு வரணும்."

"கொண்டு வர்றதுன்னா? கடத்தலா?"

"ஐயோ, இல்லைங்க. கூட்டிட்டு வர்றது. படுக்க வச்சு. அவளால உட்கார முடியாது."

"அந்த நபரால."

"அந்த நபரால உட்கார முடியாது. ஆக்ஸிஜன் வேணும்."

"அந்த நபர் சம்மதிச்சுதான் வர்றாங்களா?"

"அந்த நபர் கேக்கறதே அது ஒண்ணுதாங்க."

மேடம் திருப்தியோடு தட்டச்சு செய்தார். "உங்க கேள்வி பதிவாயிடுச்சு" என்றார், ஒரு குழந்தை பிறந்த செய்தியைச் சொல்வது போல. "பாருங்க, எங்க ஆம்புலன்ஸுக்கு எங்க மாநிலத்துலதான் அனுமதி. அது மாநில எல்லை வரைக்கும் போகலாம். எல்லை பாலத்து நடுவுல இருக்கு. ஒரு வெள்ளைக் கோடு போட்டிருப்பாங்க. அந்தப் பக்கத்து ஆம்புலன்ஸும் அதே மாதிரி கோடு வரைக்கும் வரலாம்."

"அப்போ கோட்டுல வச்சு வண்டி மாத்திக்கலாமா?"

"மாநிலச் சட்டப்படி தடை இல்லை."

பூட்டுக்காரருக்கு முகம் மலர்ந்தது. "ரொம்ப நன்றிங்க மேடம்."

"நன்றியெல்லாம் அவசரப்பட்டுச் சொல்லாதீங்க. கோடுதான் எங்களோடது. பாலம் மத்திய அரசோடது." மேடம் பிளாஸ்டிக் செடிக்கு மேலே விரலை நீட்டினார்.

மத்தியக் கவுண்டரில் ஒரு சார் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். மாநிலக் கவுண்டரில் பேசியது அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். பூட்டுக்காரர் இந்த முறை 'நபர்' என்பதைத் தடுமாறாமல் சொன்னார்.

"பாலத்துல வண்டி நிறுத்தக் கூடாது" என்றார் சார்.

"ஒரு நிமிஷம்தாங்க..."

"நிமிஷம் நின்னாலும் நின்னதுதான்." பிறகு சாருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சட்டத்தை நேசிப்பவர்களுக்கு வரும் வெளிச்சம் அது. "ஆனா, ஓடற வண்டிக்குத் தடை இல்லை. ரெண்டு ஆம்புலன்ஸும் பக்கத்துல பக்கத்துல, ஒரே வேகத்துல ஓடுதுன்னு வச்சுக்கங்க. அப்ப ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தினா, அது நிறுத்தினதா ஆகாது."

"ஓடற வண்டியிலேர்ந்தா?"

"நான் மாத்தச் சொல்லலை. சொன்னா அது ஆலோசனை. தடை இல்லைன்னு சொல்றேன். இது தகவல்."

"எதிரும் புதிருமா வர்ற வண்டிங்க எப்படிங்க பக்கத்துல பக்கத்துல ஓடும்?"

சார் வெந்நீரைக் கீழே வைத்தார். "நல்ல கேள்வி. பதிஞ்சுக்கறேன்."

அன்று மாலை பூட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது மனைவி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடி வந்து குழாயைச் சரிசெய்துவிட்டு, பூட்டுக்காரரை முறைத்துவிட்டுப் போனார்.

"சர்க்கஸ்லகூட கீழ வலை கட்டுவாங்க" என்றாள் அவள் மூச்சு வந்ததும்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் துணியை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"கேட்டீங்களா? யாராவது போய்க் கேப்பாங்களா சார்? நான் தினம் அந்தப் பக்கம் போயிட்டுத்தான் வர்றேன். போன வாரம்கூட ஒரு பெரியவரை வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். எவனும் ஒரு வார்த்தை கேக்கலை."

"சட்டப்படி போகலாமா?"

"போகலாமா கூடாதான்னு எனக்கு என்ன தெரியும்? போறேன், அவ்வளவுதான். காலையில ரெடியா இருங்க."

காலையில் தங்கை அக்காவுக்குத் தலை வாரிவிட்டாள். வீட்டுக்குப் போவதென்றால் நல்ல துணிதான் வேண்டும் என்று மனைவி கேட்டு நீலப் புடவையை மேலே போர்த்திக்கொண்டாள். தூக்கும்போது ஸ்ட்ரெச்சர்காரர்களிடம், "மெதுவா, கசங்கிடப்போகுது" என்றாள். வார்டில் மற்ற நோயாளிகள் கை ஆட்டினார்கள். வண்டிக்குள் ஏற்றி, சிலிண்டரை மாட்டி, கதவைச் சாத்தும் வரை எல்லாம் நன்றாகவே நடந்தது.

டிரைவர் பயண விவரத்தைக் கருவியில் ஏற்றினார். கருவி சிவப்பாக மின்னியது. அவர் மறுபடி ஏற்றினார். மறுபடியும் சிவப்பு.

"சார்" என்றார் டிரைவர், இறங்கி வந்து. "உங்க பேர்ல ஒரு கேள்வி நிலுவையில இருக்குன்னு காட்டுது. நிலுவையில இருக்கற விஷயத்தைச் செய்யக் கூடாதாம். செஞ்சா கேள்வியை அவமதிச்ச மாதிரி ஆயிடுமாம். எனக்கு லைசென்ஸ் போயிடும் சார்."

"நேத்துவரைக்கும் போயிட்டு வந்தேன்னு சொன்னீங்களே?"

"நேத்துவரைக்கும் யாரும் கேக்கலையே."

கதவைத் திறந்து அவளை இறக்கினார்கள். வண்டிக்குள் அவள் கண்ணை மூடியிருந்தாள். வெளிச்சம் பட்டதும் திறந்து, "அதுக்குள்ளயா?" என்று கேட்டாள். பிறகு ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகையைப் பார்த்தாள். வார்டில் அதற்குள் அவள் கட்டிலின் விரிப்பை மாற்றியிருந்தார்கள்.

தங்கைதான் வராந்தாவில் வைத்துக் கேட்டாள். "இப்ப நிம்மதியா மாமா? கேட்டுட்டீங்கல்ல?"

அவர் நேராக மையத்துக்குப் போனார்.

"கேள்வியைத் திரும்ப எடுத்துக்கறேன் மேடம். எனக்குப் பதில் வேணாம்."

மாநில மேடம் திரையைப் பார்த்தார். "கேள்வி உங்களோடது இல்லையே. 'ஒரு நபர்'னுதானே கேட்டிருக்கீங்க? அந்த நபர் வந்துதான் திரும்ப எடுக்கணும்."

"அந்த நபர் நான்தாங்க."

மேடம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சத்தமா சொல்லாதீங்க. நீங்கதான்னு ஆயிட்டா, நேத்து நான் சொன்னதெல்லாம் ஆலோசனை ஆயிடும். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க."

பூட்டுக்காரர் குனிந்தபடியே நின்றார். அப்போது அவருக்கு ஒன்று தோன்றியது. இவ்வளவு எளிய விஷயம் முதலிலேயே ஏன் தோன்றவில்லை என்று இருந்தது.

"வண்டியே வேணாங்க. நான் தூக்கிட்டு நடந்து வந்துட்டா? நடந்து வர்றவங்களுக்குத் தடை இல்லையே?"

மேடம் சாரைப் பார்த்தார். சார் எழுந்து நின்றார். இரண்டு கவுண்டர்களும் சேர்ந்து ஆராய வேண்டிய கேள்வி அது. அப்படி ஒரு கேள்வி வருவது அபூர்வம். இயக்குநருக்குத் தகவல் போனது. அவரே உள்ளறையிலிருந்து எழுந்து வந்தார். நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டன. நாய்க்கடிக்காரரும் தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நடந்து போகிறவர் பாதசாரி" என்று இயக்குநர் தொடங்கினார். அவர் சாதாரணமாகப் பேசுவதே மேடையில் பேசுவது போல இருக்கும். "தூக்கப்படுகிறவர் யார்? அவர் நடக்கவில்லை. எனவே பாதசாரி அல்ல. அவருக்குச் சக்கரமும் இல்லை. எனவே வாகனமும் அல்ல."

"கைக்குழந்தைன்னா தூக்கறவரோட சேர்த்தி சார்" என்றார் மேடம்.

"குழந்தையா?"

"இல்லைங்க" என்றார் பூட்டுக்காரர்.

"அப்ப சுமை" என்றார் மத்திய சார். "சுமைக்கு விதி இருக்கு. பாலத்து நடைபாதையில ஒருத்தர் நாற்பது கிலோ வரைக்கும் தூக்கிட்டுப் போகலாம். அந்த நபர் எவ்வளவு எடை?"

பூட்டுக்காரருக்குத் தெரியும். நர்ஸ் நேற்று எடை பார்த்திருந்தார். கல்யாணத்தன்று அவளைத் தூக்கப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அவர்.

"முப்பத்தெட்டு."

அறையில் ஒரு மகிழ்ச்சி பரவியது. மத்திய சார் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லவேளை, இளைச்சிருக்காங்க!" என்றார். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாய்க்கடிக்காரர் கைதட்டினார். பூட்டுக்காரருக்கும் சிரிப்பு வந்தது. தான் எதற்காகச் சிரிக்கிறோம் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது.

"சிலிண்டர்?" என்றார் இயக்குநர்.

மேடம் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார்.

சிலிண்டரைச் சேர்த்தால் நாற்பதைத் தாண்டியது. சிலிண்டரை வேறொருவர் தூக்கி வரலாமே என்றார் பூட்டுக்காரர். ஆனால் குழாய் இருவரையும் இணைப்பதால், அது ஒரே சுமையை இருவர் தூக்குவதாகும். அதற்கு நடைபாதையின் அகலம் போதாது. அகலத்தை மாற்ற வேண்டுமானால் பாலத்தை இடித்துக் கட்ட வேண்டும். அதற்கு இரண்டு மாநிலங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"சிலிண்டர் இல்லாம போகலாம்" என்றார் மத்திய சார். "தடை இல்லை."

"மூச்சு?"

"பாலத்து மேல இருக்கற காத்து எங்களோடது" என்றார் சார் பெருமையோடு. "அதுக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது."

"நுரையீரல் எங்களோடது" என்றார் மேடம். "சுகாதாரம் மாநிலத்துக்குக் கீழதான் வருது."

"ரெண்டுக்கும் நடுவுலதாங்க அவளுக்கு வியாதி" என்றார் பூட்டுக்காரர்.

'அவளுக்கு' என்று சொன்னதை யாரும் திருத்தவில்லை. அதை அவர் கவனித்தார். அது நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டார்.

இயக்குநர் எழுந்தார். "கவலைப்படாதீர்கள். இந்தக் கேள்வியைத் தலைநகருக்கே அனுப்புகிறோம். இந்த மையம் தொடங்கிய நாளிலிருந்து எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை. பதில் வரும்போது கேட்டவர் இருப்பதில்லை, அது வேறு விஷயம். அந்தத் தாமதம் அவர்கள் தரப்பில் நேர்வது."

தலைநகரிலிருந்து பதில் வரவில்லை. அவள் பேசுவது குறைந்தது. கண்ணைத் திறந்தாலும் பார்வை எங்கோ இருந்தது. ஒரு மத்தியானம் அவர் கையைப் பிடித்து, "கிளம்பிட்டோமா?" என்று கேட்டாள். சற்றுக் கழித்து மறுபடியும் கேட்டாள். அப்புறம் தங்கையிடமும் கேட்டாள்.

தங்கை வெளியே போய் அழுதுவிட்டு வந்து சொன்னாள். "மாமா, வீட்டுக்குப் போய் அந்த ஜன்னல் துணியைக் கழட்டிட்டு வாங்க."

"எதுக்கு?"

"கேக்காதீங்க. போயிட்டு வாங்க."

அவர் கேட்கவில்லை. போய் எடுத்து வந்தார். பழைய மஞ்சள் துணி. கல்யாணமான புதிதில் அவள் முதன்முதலாகத் தனக்கென்று தைத்தது. கடைக்குத் தைப்பதைவிட இதில் மடிப்பை அகலமாக வைத்திருந்தாள். தங்கையும் அவரும் அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில், சலைன் பாட்டில் மாட்டும் கம்பிக்கும் ஜன்னல் கொக்கிக்கும் நடுவே ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். நர்ஸ் வந்து பார்த்தார். இது விதிப்படி சரிதானா என்று பூட்டுக்காரர் கேட்க வாயெடுத்தார். அதற்குள் நர்ஸ் மற்றப் பக்கத்து விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

துணி வழியாக வெயில் மஞ்சளாக அவள் மேல் விழுந்தது. அவள் கை கட்டிலின் ஓரத்தைத் தாண்டித் துணியைத் தேடியது. விரல்கள் மடிப்பின் ஓரத்தில், தையல் மேலேயே மெதுவாக நகர்ந்தன.

"வந்துட்டோமா?"

"வந்துட்டோம்மா" என்றார் அவர்.

"பாலம் வந்தப்ப எழுப்பியிருக்கலாம்ல."

"நல்லா தூங்கிட்டிருந்த."

"வெள்ளைக் கோடு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"வண்டி நின்னுச்சா?"

"நிக்கவே இல்ல. ஒரே போக்கா வந்துட்டோம்."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இருமினார். தூரத்தில் யாரோ ஒரு டிராலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. அது அவள் காதில் விழுந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

"கேட்டுட்டுத்தானே கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள்.

"கேட்டுட்டுத்தான் வந்தேன்."

அவள் உதடு லேசாக இழுபட்டது. சிரிப்பாக இருக்கலாம். குழாய் உறுத்தியிருக்கலாம். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. துணியைப் பிடித்த விரல்களை மட்டும் விடவில்லை. மறுநாள் காலையில் நர்ஸ்தான் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

மையத்திலிருந்து உடனே போன் வந்தது. இயக்குநரே பேசினார். இவ்வளவு விரைவாக அங்கிருந்து யாருக்கும் போன் போனதில்லை.

"என் ஆழ்ந்த இரங்கல். ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இறந்தவர் சட்டப்படி நபர் அல்ல. ஆகவே உங்கள் கேள்வி தானாகவே முடிந்துவிட்டது. இப்போது சட்டம் மிகத் தெளிவாக இருக்கிறது. எந்த மாநில வண்டியிலும் போகலாம். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். எடைக்கும் வரம்பு இல்லை. இரண்டு கவுண்டர்களும் இதில் ஒரே கருத்து என்பதைச் சொல்வதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் மகிழ்ச்சி."

"சரிங்க" என்றார் பூட்டுக்காரர்.

அதே டிரைவர்தான் வந்தார். கருவி பச்சையாக மின்னியது. பாலத்தின் நடுவில் வெள்ளைக் கோடு வந்தபோது டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தினார். பின்னால் வந்த வண்டிகள் ஒதுங்கிப் போயின. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பாலத்துக் காவலர் ஒருவர் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"இறங்கிக் கொஞ்சம் நில்லுங்க சார்" என்றார் டிரைவர். "எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கலாம். இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவர் இறங்கவில்லை. "போயிடலாம்ப்பா. அவ காத்துட்டிருக்கா" என்றார்.

தையல் அறை ஜன்னல் பக்கத்தில் கட்டிலைப் போட்டார்கள். திரை இல்லாததால் வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. யாரோ ஒரு துண்டை எடுத்து ஆணியில் மாட்டினார்கள். அது பாதி ஜன்னலைத்தான் மறைத்தது. தங்கை கட்டிலின் அந்தப் பக்கம் போய், வெயிலை மறைத்தபடி தூக்கிப் போகும் வரை நின்றுகொண்டே இருந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து மையத்தின் ஆண்டு விழா வந்தது. பூட்டுக்காரரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். வர விருப்பமில்லைதான். ஆனால் அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. வீட்டில் தனியாக இருக்கும்போது அது வளர்ந்துகொண்டே போனது. கேட்பதற்கு வேறு இடமும் தெரியவில்லை.

இயக்குநர் மைக்கைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"இந்த ஆண்டு நம் மையத்துக்கு வந்த கேள்விகளிலேயே சிறந்தது பாலத்தைப் பற்றிய கேள்வி. அதற்கு முன் பாலத்தில் ஏராளமானோர் நோயாளிகளை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். அது சரியா தவறா என்று ஒருவருக்கும் தெரியாது. எத்தகைய இருட்டு! இவர் கேட்டார். அதன் பிறகு ஒருவர்கூடப் போகவில்லை. இதைத்தான் நாங்கள் சட்ட விழிப்புணர்வு என்கிறோம். அவருடைய துணைவியார் காலமானதன் மூலம் இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வைத் தந்திருக்கிறார். அந்த அம்மையாருக்கு இந்த மையம் என்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறது."

கைதட்டினார்கள். அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

"நமது நண்பர் சில வார்த்தைகள் சொல்வார். சந்தேகம் ஏதும் இருந்தாலும் தயங்காமல் கேட்கலாம்."

பூட்டுக்காரர் மைக் முன்னால் நின்றார். மைக் இயக்குநரின் உயரத்துக்கு இருந்தது. அவர் அண்ணாந்து பேச வேண்டியிருந்தது.

"சாகப்போறவங்ககிட்ட ஒரு பொய் சொன்னா, அது மாநிலமா, மத்தியமா?"

அரங்கில் ஒரு சலசலப்பு. நல்ல கேள்வி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மேடத்தின் முதுகு நிமிர்ந்தது. சார் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"எங்க வச்சு சொன்னது?" என்றார் மேடம்.

"அந்தப் பக்கம். ஆஸ்பத்திரியில."

"அப்ப எங்களோடது இல்லை."

"என்ன பொய்?" என்றார் சார்.

"இந்தப் பக்கம் வந்துட்டோம்னு. வீட்டுல இருக்கோம்னு."

"அப்ப அது எங்க பக்கத்தைப் பத்தின பொய்" என்று மேடம் திருத்திக்கொண்டார். "விடவே முடியாது."

"சொன்னது ஒரு மாநிலம், சொல்லப்பட்டது இன்னொரு மாநிலம்" என்றார் சார். "ரெண்டு மாநிலத்தைத் தொட்டாலே அது மத்தியம்தான் மேடம்."

"பொய்க்கு எல்லை கிடையாதுன்னு சொல்றீங்களா?"

"பாலத்தைப் பத்தியும் ஏதாவது சொன்னீங்களா?" என்று சார் ஆர்வத்தோடு பூட்டுக்காரரைக் கேட்டார்.

"நிக்காம வந்துட்டோம்னு சொன்னேன்."

"பார்த்தீங்களா! எங்களோடதுதான்!"

இயக்குநர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். சலசலப்பு அடங்கியது.

"பொறுங்கள், பொறுங்கள். எல்லோரும் அடிப்படையை மறந்துவிட்டோம். அதைக் காதால் கேட்டவர் நம்பியிருந்தால்தான் அது பொய். நம்பவில்லை என்றால், நம்பியது போல அவரும் நடித்திருந்தால், அங்கே பொய் எதுவும் நிகழவில்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்." அவர் பூட்டுக்காரரின் பக்கம் திரும்பி, மிகக் கனிவான குரலில் கேட்டார். "சொல்லுங்கள். அவர்கள் நம்பினார்களா?"

அரங்கம் காத்திருந்தது.

"தெரியலை சார்" என்றார் பூட்டுக்காரர். "அதைத்தான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."